பாட்டு அம்மாவுக்கு, பொருள் தோழிகளுக்கு

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பிரைவசின்னா என்னன்னே தெரியாது." இந்த வாக்கியத்தை இரண்டு தரப்பு ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். ஒன்று பெற்றோர். கவலையோடு சொல்வார்கள். இன்னொன்று சமூக வலைத்தளக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் சந்தோஷமாகவே சொல்வார்கள். 2010 ஜனவரியில் ஒரு மேடைப் பேட்டியில் மார்க் ஸக்கர்பர்க், மக்கள் முன்பைவிட அதிக விஷயங்களை அதிகப் பேரோடு பகிரப் பழகிவிட்டார்கள், சமூக வழக்கமே மாறிவிட்டது என்கிற மாதிரி பேசினார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், 2009 டிசம்பரில், ஃபேஸ்புக் தன் செட்டிங்குகளை மாற்றி நண்பர் பட்டியல், புரொஃபைல் படம் போன்றவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துவிட்டிருந்தது. வழக்கம் தானாக மாறியதா, டீஃபால்ட்டை மாற்றியவர்கள் மாற்றினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா? 2011ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் இந்த டிசம்பர் மாற்றமும் ஒன்று.

சரி, அது பெரியவர்கள் கதை. பிள்ளைகளுக்கு நிஜமாகவே பிரைவசி தெரியாதா? இதை உட்கார்ந்து யோசித்துச் சொல்லாமல், நேரில் போய்க் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். டானா பாய்ட். அமெரிக்க ஆய்வாளர். (தன் பெயரை ஆங்கிலத்தில் முழுக்கச் சின்ன எழுத்திலேயே எழுதுவார். நமக்குப் பெரிய எழுத்தே கிடையாது என்பதால் தமிழில் அவரைப் பற்றி எழுதுவது சுலபம்.) 2005லிருந்து 2012 வரை 18 மாநிலங்களில் சுற்றி, பதின்ம வயதினரோடு பழகி, அதில் 166 பேரிடம் முறையான நேர்காணல் எடுத்து, 2014ல் 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்' என்று ஒரு புத்தகம் போட்டார். மைஸ்பேஸ் உச்சத்தில் இருந்து, ஃபேஸ்புக் அதை முந்தி, இன்ஸ்டாகிராம் தலைகாட்டிய காலம்.

அதில் வரும் ஒரு பெண்ணின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கார்மென் என்பது பாய்ட் அவளுக்கு வைத்த மாற்றுப்பெயர். 17 வயது. பாஸ்டனில் இருக்கிறாள். அம்மாவுக்கு அர்ஜென்டினா பூர்வீகம். அம்மாவும் ஃபேஸ்புக்கில் இருக்கிறார், மகளின் நண்பர் பட்டியலிலும் இருக்கிறார், மகள் எதைப் போட்டாலும் முதல் ஆளாக வந்து ஏதாவது எழுதுகிறார். அம்மா எழுதிவிட்டால் அதற்குக் கீழே தோழிகள் யாரும் வாயைத் திறப்பதில்லை. நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா ஒரு கருத்து சொன்னதும் மொத்தக் குரூப்பும் அமைதியாவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கார்மெனுக்கும் அவள் காதலனுக்கும் முறிந்துவிடுகிறது. மனசு சரியில்லை. தோழிகளுக்குத் தெரியவேண்டும். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவார், உயிருக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று நினைப்பார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பாட்டு வரியை எடுத்து ஸ்டேட்டஸாகப் போட்டாள். வரியை மட்டும் படித்தால் உற்சாகமான வரி. வாழ்க்கையின் நல்ல பக்கத்தைப் பார் என்கிற தினுசு. அம்மா வந்தார், நீ நன்றாக இருக்கிறாய் போலிருக்கிறதே என்று சந்தோஷமாக எழுதிவிட்டுப் போனார். தோழிகளுக்கோ உடனே விஷயம் புரிந்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பாட்டு 1979ல் வந்த மாண்டி பைத்தான் குழுவின் 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்தின் கடைசியில் வருவது. சிலுவையில் அறையப்பட்டு, சாகப்போகிறவர்கள் தொங்கிக்கொண்டே பாடுகிற பாட்டு அது. கொஞ்ச நாள் முன்னால்தான் கார்மெனும் தோழிகளும் அந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்திருந்தார்கள். அவர்கள் யாரும் ஸ்டேட்டஸுக்குக் கீழே எதுவும் எழுதவில்லை. தனியாக மெசேஜ் அனுப்பி, என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

இதற்கு பாய்டும் அவரோடு ஆய்வு செய்த ஆலிஸ் மார்விக்கும் வைத்த பெயரைத் தமிழில் 'சமூக மறைவெழுத்து' என்று சொல்லலாம். மூலச் சொல் ஸ்டெகனோகிராஃபி. என் துறைக்காரர்களுக்கு இது பழக்கமான சொல்தான். மற்றவர்களுக்காக இரண்டு வரி: என்கிரிப்ஷன் என்றால் பூட்டிய பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஸ்டெகனோகிராஃபியில் பெட்டி இருப்பதே தெரியாது. ஹெரோடோடஸ் சொல்லும் கிரேக்கக் கதையில், ஹிஸ்டியேயஸ் என்பவன் ஓர் அடிமையின் தலையை மழித்து, மண்டையில் செய்தியைப் பச்சைகுத்தி, முடி வளர்ந்ததும் அனுப்பி வைக்கிறான். வழியில் பார்த்தவர்களுக்கு அவன் வெறும் வழிப்போக்கன்.

பெற்றோருக்கு எதிராக என்கிரிப்ஷன் வேலைக்கு ஆகாது என்பதைக் கவனியுங்கள். போனுக்குப் பாஸ்வேர்ட் போட்டால் "என்னத்த மறைக்கிற?" என்று கேள்வி வரும். அக்கவுன்ட்டை பிளாக் செய்தால் சண்டை வரும். பூட்டு இருப்பதே குற்றத்துக்குச் சாட்சி. எனவே எல்லோரும் பார்க்கிற இடத்தில் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிட்டு, பொருளை மட்டும் மறைப்பதுதான் வழி. அந்தப் பொருளைத் திறக்கும் சாவி சேர்ந்து பார்த்த ஒரு படம், சேர்ந்து சிரித்த ஒரு மத்தியானம். இந்தச் சாவியைத் திருட முடியாது. அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிடுவது ஒன்றுதான் ஆபத்து.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குறுந்தொகை, நற்றிணைப் பதிப்புகளில் பல பாடல்களோடு ஒரு துறைக் குறிப்பு இருக்கும்: தலைவன் சிறைப்புறத்தில் நிற்க, அவன் கேட்கும்படி தோழி தலைவியிடம் சொன்னது. அதாவது வேலிக்கு அந்தப்பக்கம் தலைவன் நிற்கிறான். தோழி அவனைப் பார்த்துப் பேசுவதில்லை. தலைவியைப் பார்த்து, ஊரில் அலர் பரவிவிட்டது, அம்மா காவலை இறுக்கிவிட்டாள் என்று சொல்கிறாள். பேச்சின் முகவரி தலைவி, போய்ச் சேரவேண்டிய ஆள் தலைவன். அதோடு தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறையையும் சேர்த்துக்கொண்டால், மேலே ஒரு மரமும் பறவையும் மீனும், கீழே வேறொரு கதை. கார்மென் செய்ததற்கும் இதற்கும் கட்டமைப்பில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அன்னை, ஊரார், அலர் என்று காவல் சூழ்ந்த வீட்டுக்குள் இருக்கும் இளம் வயதுக்காரர்கள், காது பல இருக்கிற இடத்தில் ஒரு காதுக்கு மட்டும் எப்படிப் பேசுவது என்கிற அதே சிக்கல். இணையத்தால் வந்த புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

புதுசாக வந்தது வேறு. அதைப் புரிந்துகொள்ள எர்விங் காஃப்மன் வரை போகவேண்டும். 1950களில் அவர் எழுதிய, அன்றாட வாழ்வில் நாம் நம்மை எப்படிக் காட்டிக்கொள்கிறோம் என்பது பற்றிய புத்தகம் சமூகவியலில் இன்னும் படிக்கப்படுகிறது. நாம் எல்லோருமே மேடையில் இருப்பவர்கள், பார்வையாளர் யார் என்று பார்த்துத்தான் நடிக்கிறோம், மேடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, அங்கே வேஷம் கலைக்கிறோம் என்பது அதன் சாரம். நடிப்பு என்றால் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மேனேஜரிடம் பேசுவதும், என் மாமியாரிடம் பேசுவதும், காலேஜ் நண்பனிடம் பேசுவதும் மூன்று பாஷை. மூன்றுமே நான்தான்.

இந்த மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால்? அதைத்தான் 'சூழல் சரிவு' என்கிறார்கள். இந்தச் சிந்தனையை 1985லேயே ஜோஷுவா மேரோவிட்ஸ் டிவியை வைத்து விளக்கினார். கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் அவருடைய உதாரணம். 1960களில் அவர் வெள்ளையர் கூட்டத்தில் ஒரு மாதிரியும், கறுப்பர் கூட்டத்தில் வேறு மாதிரியும் பேசுவார். ரேடியோவும் டிவியும் வந்தபோது இரண்டு கூட்டமும் ஒரே பேச்சைக் கேட்டன. எந்தக் குரலில் பேசினாலும் ஒரு கூட்டத்தை இழக்கவேண்டும். அவர் கறுப்பர்களுக்கான குரலைத் தேர்ந்தெடுத்தார், வெள்ளையர்களிடையே கசப்பு வளர்ந்தது. அப்போது இந்தச் சிக்கல் தலைவர்களுக்கும் நடிகர்களுக்கும் மட்டும். இப்போது பதினோராம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு.

பாய்ட் சொல்லும் இன்னொரு சம்பவம் இதைவிடக் கனமானது. 2005 வாக்கில் ஒரு பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அதிகாரி அவருக்கு போன் செய்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் தென்மத்தியப் பகுதியிலிருந்து ஒரு கறுப்பின மாணவன் விண்ணப்பித்திருக்கிறான். கேங் வாழ்க்கையை விட்டு விலகி வெளியே வர ஆசைப்படுவதாகக் கட்டுரை எழுதியிருக்கிறான். கட்டுரை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு அவனுடைய மைஸ்பேஸ் பக்கத்தைப் பார்த்தால் முழுக்க கேங் அடையாளங்கள். அதிகாரியின் கேள்வி: ஆன்லைனில் உண்மையைக் கண்டுபிடித்துவிட முடியும்போது, இந்தப் பையன் ஏன் எங்களிடம் பொய் சொல்கிறான்?

அந்தக் கேள்வியில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. மைஸ்பேஸ்தான் உண்மை, விண்ணப்பம்தான் பொய் என்று ஏன் முடிவு செய்யவேண்டும்? பாய்ட் சொன்ன பதில் வேறு. அந்தப் பகுதியில் வகுப்புத் தோழர்கள், பக்கத்து வீட்டார், மாமன் மச்சான் எல்லோரும் பார்க்கிற பக்கம் அது. கேங்கோடு ஒட்டாதவன் மாதிரி அங்கே காட்டிக்கொண்டால் அடி விழும், அதற்கு மேலும் நடக்கலாம். அவன் தன் மைஸ்பேஸ் பக்கத்தை எழுதியது பிழைத்துக் கிடப்பதற்காக இருக்கலாம். அட்மிஷன் ஆபீஸ் அவன் மனக்கண்ணில் இருந்த பார்வையாளரே கிடையாது. அந்தப் பையனுக்கு இடம் கிடைத்ததா என்பது பாய்டுக்கும் தெரியாது. எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக ரொம்ப நேரம் ஆயிற்று.

ஒரு மனிதனுக்கு இரண்டு அடையாளம் இருப்பது நேர்மைக் குறைவு என்று ஸக்கர்பர்க் ஒரு காலத்தில் சொன்னதாக டேவிட் கிர்க்பாட்ரிக்கின் 2010ஆம் ஆண்டுப் புத்தகத்தில் வருகிறது. ஹார்வர்டில் படித்தவர், வெள்ளையர், 26 வயதில் கம்பெனி முதலாளி. அவருக்கு ஒரே முகம் போதும், எந்த அறைக்குள் நுழைந்தாலும் அந்த முகத்துக்கு மரியாதை கிடைக்கும். ஒரே முகம் எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

இன்ஜினியராக எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 2006 செப்டம்பர். ஃபேஸ்புக் நியூஸ் ஃபீடை அறிமுகப்படுத்துகிறது. அதற்கு முன்னால், நண்பன் என்ன செய்கிறான் என்று தெரியவேண்டுமானால் அவன் பக்கத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும். இப்போது அவன் பக்கத்தில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் தானாக உங்கள் முன்னால் வந்து விழும். ஒரே வாரத்தில் பல லட்சம் பேர் ஃபேஸ்புக்கிலேயே குழு சேர்த்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மொத்தப் பயனர்களே ஒரு கோடியை ஒட்டியிருந்த சமயம் அது. கம்பெனி தரப்பு வாதம் என்னவென்றால், புதிதாக எதையும் நாங்கள் திறக்கவில்லை, யாருக்கு எதைப் பார்க்க முன்பு அனுமதி இருந்ததோ அதே அனுமதிதான் இப்போதும் இருக்கிறது.

கோட் ரிவ்யூவில் இந்த வாதம் பாஸ் ஆகிவிடும். பெர்மிஷன் டேபிளில் ஒரு வரிசைகூட மாறவில்லை. நானே அந்த டீமில் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. ஆனால் யாருக்கு அனுமதி என்பது ஒரு பாதி. போய்ப் பார்க்க எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது மறுபாதி. தெருவில் இருக்கிற எவரும் என் வீட்டு வாசலைப் பார்க்கலாம். அதற்காக என் வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று தெருமுனையில் மைக் கட்டி வாசித்தால் சும்மா இருப்பேனா? 'ரிலேஷன்ஷிப்' என்கிற கட்டத்தில் காதலில் இருக்கிறேன் என்பதை எடுத்துவிட்டு தனியாள் என்று மாற்றுவது ஒரு பையனைப் பொறுத்தவரை டைரியில் ஒரு திருத்தம். நியூஸ் ஃபீட் அதையே, பக்கத்தில் உடைந்த இதயம் படம் போட்டு, எல்லா நண்பர்களுக்கும் அறிவித்தது.

ஹெலன் நிஸன்பாம் என்ற அறிஞர் இதற்கு நல்ல சட்டகம் ஒன்று தருகிறார். தகவல் ரகசியமா பகிரங்கமா என்று கேட்காதே, அது எந்தச் சூழலில் எந்த விதிப்படி நகர்ந்தது என்று கேள் என்பார். டாக்டரிடம் சொன்னது டாக்டரோடு சரி. அது முதலாளிக்குப் போனால் நகர்வு தப்பு. இந்தப் பார்வையில் பதின்ம வயதினர் ஒன்றும் குழம்பியவர்கள் இல்லை. எல்லோரும் பார்க்க முடிகிற இடத்தில் போட்டுவிட்டு "நீ ஏன் பார்த்தே?" என்று அம்மாவிடம் சண்டை போடுகிற பெண் கேட்பது நிஸன்பாமின் கேள்விதான்.

பாய்ட் 2010 நவம்பரில் எழுதிய இன்னும் இரண்டு பெண்களைச் சொல்லவேண்டும். பெயர்கள் ஷமிகா, மிகாலா. ஷமிகா தன் ஃபேஸ்புக் சுவரில் எதையுமே விட்டுவைப்பதில்லை. யாராவது எழுதினால் படிப்பாள், பதில் போடுவாள், அழித்துவிடுவாள். தன் ஸ்டேட்டஸையும் கொஞ்ச நேரத்தில் அழிப்பாள். எப்போது போய்ப் பார்த்தாலும் சுவர் வெள்ளையாக இருக்கும். பழைய வாக்கியங்களைத் தோண்டி எடுத்து யாரும் வம்பு இழுக்கக்கூடாது என்பது காரணம். பேச்சு என்றால் காற்றில் போகவேண்டும் என்கிற பழைய இயல்பைக் கையாலேயே திரும்பக் கொண்டுவருகிறாள்.

மிகாலா இன்னும் ஒருபடி மேலே. ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்வதற்குப் பதிலாக அக்கவுன்ட்டையே டீஆக்டிவேட் செய்துவிடுவாள். மறுபடி வரும்போது ஆக்டிவேட். அவள் இல்லாத நேரத்தில் அவள் பெயரைத் தேடினால் ஆளே இருக்கமாட்டாள். யாரும் சுவரில் எழுத முடியாது, படத்தில் டேக் செய்ய முடியாது. பெரியவர்கள் வேவு பார்ப்பது பகலில், அவளும் தோழர்களும் உலவுவது ராத்திரியில். மனக்கசப்போடு விலகிப் போகிறவர்களுக்காக ஃபேஸ்புக் வைத்த பட்டனை இந்தப் பெண் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளாக மாற்றிக்கொண்டாள். நான் வேலை பார்த்த எந்த பிராஜெக்டிலும் இப்படி ஒரு பயன்பாட்டை டெஸ்ட் கேஸாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இப்படிக் கையால் செய்ததைப் பிறகு கம்பெனிகள் பொருளாக விற்றன. 2011ல் ஸ்னாப்சாட் வந்தது, பார்த்ததும் மறையும் படம். 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் 24 மணி நேர ஸ்டோரியைக் கொண்டுவந்தது. 2018ல் குளோஸ் ஃப்ரெண்ட்ஸ் பட்டியல். நடுவில், 2014ல், மறையும் என்று சொன்ன படங்கள் மறையாமல் எடுத்து வைத்துக்கொள்ளும்படி இருந்தன என்று ஸ்னாப்சாட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் புகார் வைத்து, சமரசமும் ஆயிற்று.

நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீராம் வெங்கட்ராமன் என்ற மானுடவியல் ஆய்வாளர் சென்னைக்கு வெளியே, ஐடி கட்டடங்கள் முளைத்த கிராமப் பகுதியில் 15 மாதம் இருந்து, தென்னிந்தியாவில் சமூக ஊடகம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2017ல் வந்தது. ஊரின் பெயரை மறைத்து 'பஞ்சகிராமி' என்று வைத்திருக்கிறார். வசதி குறைந்த வீட்டு இளம்பெண்களின் கையில் போன் போவதையும், ஃபேஸ்புக் திறப்பதையும் வீட்டு ஆண்கள் எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று அதில் வருகிறது. பாய்டின் அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் தனி போன், தனி அறை பிரச்சினையில்லை. இங்கே போனே அண்ணனுடையது. அச்சுறுத்தல் என்ன என்று பட்டியல் போட்டால் ஹேக்கர் பதினைந்தாவது இடத்தில் வருவான். முதல் பதினான்கும் சொந்தக்காரர்கள்.

எங்கள் உறவில் ஒரு பெண். பிளஸ் டூ படிக்கும்போது, ஸ்கூல் கல்ச்சுரல்ஸில் நண்பர்களோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் குளோஸ் ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் போட்டாள். அந்தப் பட்டியலில் இருந்தது 20 பேர் சொச்சம். அதில் ஒரு கசின். அவள் போனை அவளுடைய அம்மா பார்த்தார். அங்கிருந்து ஸ்கிரீன்ஷாட், அங்கிருந்து குடும்ப குரூப். படத்தில் பக்கத்தில் நின்ற பையன் தோளில் கை போட்டிருந்தான், அவ்வளவுதான். போன் பிடுங்கப்பட்டது. டியூஷனுக்கு அப்பா கூடவே போய் வந்தார். அவள் ஆசைப்பட்ட காலேஜ் வெளியூரில் இருந்தது. அது வேண்டாம், வீட்டிலிருந்து போய் வருகிற காலேஜே போதும் என்று முடிவாயிற்று. பர்மிஷன் டேபிளில் இங்கேயும் ஒரு தப்பும் இல்லை. இன்ஸ்டாகிராம் 20 பேருக்குத்தான் காட்டியது. தன் ரகசியத்துக்குத் தான் மட்டும் பொறுப்பு என்கிற நினைப்புதான் இங்கே உடைந்தது. அவளுடைய பிரைவசி அவள் செட்டிங்கில் இல்லை, அவள் சித்தி எந்த நேரத்தில் யார் போனை எடுக்கிறார் என்பதில் இருந்தது.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தபோது, இப்பல்லாம் எப்படிம்மா போஸ்ட் போடுறே என்று கேட்டேன். "அங்கிள், இன்ஸ்டால ரெண்டு அக்கவுன்ட். ஒண்ணுல கோலம், நாய்க்குட்டி. சொந்தக்காரங்க எல்லாம் அதுலதான் ஃபாலோ பண்றாங்க. இன்னொண்ணு என் பேர்லயே இல்ல" என்றாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்? "அது பாட்டு மட்டும்தான். எந்தப் படம், எந்த சீன்னு எங்க செட்டுக்குத் தெரியும். அத்தைக்கு அது பாட்டு." கார்மென் கதையை அவளுக்குச் சொன்னேன். "இதுக்கு ரிசர்ச் வேற பண்றாங்களா?" என்று சிரித்தாள்.

பாய்டிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய பிள்ளைகள் எல்லோரும் தெரிந்த பார்வையாளரிடமிருந்து ஒளிகிறார்கள். அம்மா, டீச்சர், எக்ஸ் காதலன். இந்த அந்தரங்கத்தை அவர் அக்கறையோடு வரைகிறார். அந்த மேடையையே கட்டி வைத்திருக்கிற கம்பெனி என்ன பார்க்கிறது என்பதற்கு அவ்வளவு இடம் தரவில்லை. அம்மாவிடம் பலித்த மறைவெழுத்து மெஷினிடம் பலிக்காது. மெஷினுக்குப் பாட்டின் பொருள் தேவையே இல்லை. எத்தனை மணிக்குப் போட்டாள், எந்த நாலு பேர் அடுத்த ஐந்து நிமிடத்தில் தனியாக மெசேஜ் அனுப்பினார்கள், எந்த ஒருவனுடைய பக்கத்துக்கு இப்போது போவதில்லை - இது போதும். 2013ல் மிஹால் கொசின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 58,000க்கு மேற்பட்ட தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் வைத்து, அவர்களுடைய அரசியல் சார்பு, பாலின ஈர்ப்பு, குணநலன் போன்றவற்றை ஓரளவு நன்றாகவே கணிக்க முடியும் என்று காட்டினார்கள். சுருள் வடிவ உருளைக்கிழங்கு வறுவலுக்கு லைக் போட்டவர்கள் புத்திக்கூர்மை அதிகமுள்ளவர்களாகக் கணிக்கப்பட்டார்கள். வறுவலுக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் எதற்கு, கணிப்பு சரியாக வந்தால் சரி என்பதுதான் அந்த உலகம்.

இன்னொன்று, ஃபீடே மாறிவிட்டது. கார்மெனுக்குத் தன் பார்வையாளர் பட்டியல் தெரியும், அதனால்தான் ஒரு பாட்டை இரண்டு பொருளுக்குப் பிரிக்க முடிந்தது. இப்போது ரீல்ஸ் போடுகிற பையனுக்கு யார் பார்ப்பார்கள் என்று தெரியாது. அல்காரிதம் அதைத் திருநெல்வேலியில் ஒருவருக்கும் டொராண்டோவில் ஒருவருக்கும் காட்டும், மூன்றாவதாக அவன் கெமிஸ்ட்ரி சாருக்கும் காட்டும். எனவே விவரம் தெரிந்த பிள்ளைகள் பேச்சை எல்லாம் குரூப் சாட்டுக்கும் டிஎம்முக்கும் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஃபீட் என்பது அவர்களுக்கு டிவி.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லை 13 வயது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வது, நடத்தையைக் கண்காணிப்பது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவது கூடாது, சில விலக்குகளோடு. இந்த இரண்டாவது பாதியை நான் முழு மனசோடு வரவேற்கிறேன். மெஷினிடமிருந்து காப்பாற்றுகிற பாதி அது.

முதல் பாதி எனக்கு உறுத்துகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கும் பதினேழரை வயதுப் பெண்ணுக்கும் ஒரே விதி. அவள் யாரிடமிருந்து கொஞ்சம் இடம் கேட்கிறாளோ அவர்கள் கையிலேயே சாவி. அதோடு, ஒருவர் குழந்தையா என்று தெரிய எல்லோருடைய வயதையும் பார்க்கவேண்டும், இவர்தான் பெற்றோர் என்று தெரிய உறவையும் சரிபார்க்கவேண்டும். குறைவான தரவு சேகரிக்கச் சொல்கிற சட்டம், அதற்காகவே இன்னும் கொஞ்சம் தரவைக் கேட்கிறது. இதை பிரைவசி போகாமல் செய்ய வழிகள் உண்டு, கிரிப்டோகிராஃபியில் சில நல்ல கருவிகள் இருக்கின்றன. டெட்லைன் இருக்கிற எந்தக் கம்பெனியும் அதைத் தேடிப் போய்ச் செய்யாது, ஆதார் நம்பரைப் போடு என்று முடித்துவிடும் என்பது என் தொழில் அனுபவம்.

ஆபீஸில் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "பொண்ணு போன்ல போடறதுக்கு நல்ல மானிட்டரிங் ஆப் ஏதாவது சொல்லுங்களேன்." திரை நேரத்துக்குக் கணக்கு வைக்கிற ஆப் வேறு விஷயம். அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. இவர்கள் கேட்பது மெசேஜ் படிக்கிற ஆப். அதற்கு நான் சொல்வது டெக்னிகலான பதில் மட்டும். அந்த மாதிரி ஆப், போனில் அணுகல்வசதி பர்மிஷனையும் நோட்டிஃபிகேஷன் பர்மிஷனையும் வாங்கிக்கொண்டு, திரையில் வருவதையெல்லாம் எடுத்துத் தன் சர்வருக்கு அனுப்பும். நீங்கள் பார்ப்பது அந்த சர்வரில் இருப்பதை. அதாவது உங்கள் மகளின் மெசேஜை நீங்கள் படிப்பதற்கு முன்னால் வேறு யாரோ வாங்கி வைத்திருக்கிறார்கள். 2018 மே மாதத்தில் டீன்ஸேஃப் என்ற அமெரிக்கக் கண்காணிப்பு ஆப்பின் சர்வர் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்தது தெரியவந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். பெற்றோரின் ஈமெயில், பிள்ளைகளின் ஆப்பிள் ஐடி, அதன் பாஸ்வேர்ட், எல்லாம் படிக்கிற எழுத்திலேயே. அந்த ஆப் வேலை செய்யவேண்டுமானால் பிள்ளையின் அக்கவுன்ட்டில் இரட்டைச் சரிபார்ப்பை முதலில் நிறுத்தவேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இந்தியன் சர்வர்ல இருக்கற ஆப் ஏதாவது இருக்கா?"